வேலை கிடைக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



‘ஆறே மாதத்தில் ஃபுல் ஸ்டேக் டெவலப்பர் ஆகலாம். எந்த டிகிரியாக இருந்தாலும் சரி. வேலைக்கு நாங்கள் பொறுப்பு.’ இப்படி எழுதிய தட்டிகளை நம் ஊர் பேருந்து நிலையத்தைச் சுற்றி நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நின்று படிக்கிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர், தனியார் பள்ளியில் வேதியியல் நடத்தும் ஆசிரியை, குழந்தை பிறந்தபின் வேலையை விட்டு ஐந்தாறு வருடம் வீட்டில் இருந்த பெண், திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கும் இளைஞர் என்று எல்லோரும் நிற்கிறார்கள். கணினித் துறைக்கு மாறிவிடலாமா, அதற்கு பூட்கேம்ப் எனப்படும் இந்தக் குறுகிய காலப் பயிற்சி உதவுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறவன். ஆட்களைத் தேர்வு செய்யும் நேர்காணல்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். அந்த இடத்திலிருந்துதான் இன்று பேசுகிறேன்.

‘பூட்கேம்ப் நல்லதா?’ என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ‘இங்கே படித்து எனக்கு வேலை கிடைக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்?’ என்று கேளுங்கள். அதற்கு ஒவ்வொரு நிறுவனத்தைப் பற்றியும் தெளிவான பதில் உண்டு. அது அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

இந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் பார்ப்போம். 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் டெவ் பூட்கேம்ப் என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கியது. சில வாரங்கள், காலை முதல் இரவு வரை ஒரே அறையில் நிரல் எழுதுவது, பிறகு வேலை தேடுவது. அந்த நகரத்தில் அப்போது முதலீட்டுப் பணம் கொட்டிக்கொண்டிருந்தது, நிரல் எழுதத் தெரிந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு. வந்து சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே நல்ல கல்லூரியில் பட்டம் பெற்று, வேறொரு துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு வேலை கிடைத்ததில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, அவர்களுடைய பழைய படிப்புக்கும் ஊருக்கும் காலத்துக்கும் எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெற்றி முழுவதும் பயிற்சியின் கணக்கில் எழுதப்பட்டது. ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. டெவ் பூட்கேம்பை 2014-இல் கேப்லான் என்ற பெரிய கல்வி நிறுவனம் வாங்கியது, 2017-இல் மூடிவிட்டது. அதே ஆண்டு தி அயர்ன் யார்ட் என்ற இன்னொரு பெரிய பூட்கேம்பும் மூடப்பட்டது. பல்கலைக்கழகங்களின் பெயரில் பூட்கேம்ப் நடத்திய ட்ரைலஜி நிறுவனத்தை 2019-இல் 75 கோடி டாலர் கொடுத்து வாங்கிய டூயூ நிறுவனம், 2024 டிசம்பரில் அந்தத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

இவற்றையெல்லாம் விட நமக்குப் பாடமாக இருப்பது லாம்ப்டா ஸ்கூல். 2017-இல் தொடங்கியது. முன்பணம் வேண்டாம், வேலை கிடைத்து ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளத்தில் 17 சதவீதம் கொடுத்தால் போதும், மொத்தம் 30,000 டாலருக்கு மேல் வாங்கமாட்டோம் என்றார்கள். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! உனக்கு வேலை கிடைத்தால்தான் எனக்கு வருமானம் என்று ஒரு பள்ளிக்கூடம் சொல்கிறது. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

ஆனால் அந்த மாணவர் ஒப்பந்தங்களில் பலவற்றை நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு விற்றுப் பணமாக்கிக்கொண்டது. மாணவருக்கு வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லாமல் போனது. பின்னால் ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தபோது எல்லாம் வெளியே வந்தது. 71 முதல் 86 சதவீதம் வரை வேலை கிடைப்பதாக விளம்பரம் செய்தார்கள். முதலீட்டாளர்களிடம் கொடுத்த கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியும், சில பேட்ச்களில் 30 வரை இறங்கியும் இருந்தது. ‘இது கடன் அல்ல’ என்று சொல்லப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி கடன்தான். அதற்குள் சராசரியாக 4,000 டாலர் நிதிக்கட்டணம் மறைந்திருந்தது. ஒரு பேட்சில் 100 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்று அதன் தலைவர் ட்விட்டரில் எழுதியிருந்தார். அந்தக் கணக்கில் இருந்தது ஒரே ஒரு மாணவர்.

நமக்கு இது புதிய கதையும் இல்லை. இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 1990-களின் கடைசி நினைவிருக்கும். என்ஐஐடி, ஆப்டெக், எஸ்எஸ்ஐ என்று சிறு நகரங்களில்கூட கணினி மையங்கள். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் படித்துவிடும் என்ற அச்சத்தில் பழைய கோபோல் நிரல்களைத் திருத்த ஆட்கள் வேண்டியிருந்தது. மெயின்பிரேம் படித்தால் அமெரிக்கா என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. முதலில் போனவர்கள் வாழ்ந்தார்கள். 2000-2001-இல் டாட்காம் நிறுவனங்கள் சரிந்தபோது அதே சான்றிதழை வைத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் தெருவில் நின்றார்கள். பாடத்திட்டம் ஒன்றுதான், ஆசிரியரும் ஒருவர்தான். வெளியே ஆள் எடுப்பது நின்றுவிட்டது, அவ்வளவுதான். பயிற்சி மையத்தின் தரம் எவ்வளவு முக்கியமோ, நீங்கள் படித்து முடிக்கும் மாதத்தில் சந்தை எப்படி இருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். அந்தச் சந்தைக்கு எந்த மையத்தாலும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது அந்த வேலைவாய்ப்புச் சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ‘80 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்ற எண்ணை எப்படித் தயாரிக்கலாம் என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். 100 பேர் பணம் கட்டிச் சேர்கிறார்கள். வேகம் தாங்காமலோ வீட்டுச் சூழலாலோ 30 பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள். மீதி 70. கடைசியில் ‘பிளேஸ்மென்ட் தகுதித் தேர்வு’ என்று ஒன்று வைக்கிறார்கள். அதில் 30 பேர் தேறவில்லை. மீதி 40. பெங்களூரில் கொடுத்த வேலைக்குப் போக முடியாதவர்கள் 5 பேர். அவர்கள் ‘வேலை தேடாதவர்கள்’ பட்டியலுக்குப் போகிறார்கள். மீதி 35. அந்த 35-இல் 28 பேருக்கு வேலை. 28-ஐ 35-ஆல் வகுத்தால் 80 சதவீதம். கணக்கில் பொய்யே இல்லை! ஆனால் பணம் கட்டிய 100 பேரில் வேலைக்குப் போனது 28 பேர். அந்த 28-க்குள்ளும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் இருப்பவர், கஸ்டமர் சப்போர்ட்டில் போன் எடுப்பவர், அதே மையத்தில் அடுத்த பேட்சுக்கு உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் எல்லோரும் இருக்கலாம்.

ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள், தலைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் முடித்த ஒரே ஒரு பேட்ச். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இன்று எத்தனை பேர் நிரல் எழுதும் வேலையில் இருக்கிறார்கள், சம்பள வரிசையில் நடுவிலிருப்பவருக்கு எவ்வளவு கிடைக்கிறது? ‘அதிகபட்சப் பேக்கேஜ் 18 லட்சம்’ என்ற ஒரு தலையைக் காட்டுவார்கள். நமக்கு அது வேண்டாம். அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மூன்று பழைய மாணவர்களிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். லிங்க்டினில் அந்த மையத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த பேட்சில் படித்தவர்கள் தென்படுவார்கள். வேலை கிடைக்காதவரோடு பத்து நிமிடம் பேசுவது, கிடைத்தவரோடு ஒரு மணி நேரம் பேசுவதைவிடப் பயன் தரும். வாடகை வீடு பார்க்கப் போனால் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா, அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரத்துக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. வேலை உறுதி என்ற பொய்யான வாக்குறுதிகளுக்கு அதில் இடமில்லை. புகார் சொல்ல 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

கட்டணத்துக்கு வருவோம். ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் நீங்கள் மையத்துக்குத் தவணை கட்டப்போவதில்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, முழுத் தொகையையும் முதல் நாளே மையத்துக்குக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் அந்த நிதி நிறுவனத்துக்குக் கடன்காரர். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும், ஆசிரியர் பாதியில் போய்விட்டாலும், மையத்துக்கே பூட்டு விழுந்தாலும் தவணை ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். போகாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும். பின்னால் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது எதிரே நிற்கும். ஒன்றரை லட்ச ரூபாயை 18 மாதத் தவணையாகப் பிரித்தால், வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 8,300 ரூபாயைத் தாண்டும். வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறவருக்கு அது எங்கிருந்து வரும்?

டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் நெறிமுறைகள் வகுத்தது. கடனின் மொத்தச் செலவை ஆண்டுச் சதவீதமாகக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே உங்களுக்குத் தர வேண்டும். கடன் எடுத்த பிறகும், ஒரு குறுகிய அவகாசத்துக்குள் அசலையும் அதுவரையான விகிதாசாரச் செலவையும் கொடுத்துவிட்டு அபராதமின்றி விலகலாம். அவகாசம் எத்தனை நாள் என்பது அந்தத் தாளில் இருக்கும். டெமோ வகுப்பு முடிந்த கையோடு, ‘இன்று சேர்ந்தால் 30,000 தள்ளுபடி, ஆதார் ஓடிபி மட்டும் சொல்லுங்க சார்’ என்று ஒரு பையன் போனில் கெஞ்சுவான். அந்தப் பையனுக்கும் டார்கெட் இருக்கிறது, பாவம். ஆனால் ஓடிபி சொல்லாதீர்கள். நாளைக்கும் அந்தத் தள்ளுபடி இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மையத்தைப் பற்றி. இனி உங்களைப் பற்றி.

பணம் கட்டுவதற்கு முன், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பைசா செலவில்லாமல் பார்த்துவிட முடியும். வேறு பல தொழில்களுக்கு இந்த வசதி இல்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 இணையத்தில் இலவசம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஃபுல் ஸ்டேக் ஓப்பன், பல பூட்கேம்ப்களின் பாடத்திட்டத்தைவிட ஆழமானது, அதுவும் இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் கணியம் அறக்கட்டளை பைத்தான் பாடங்களைத் தமிழிலேயே இலவசமாகத் தருகிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் அடிப்படை நிலையோடும் டிப்ளமோவோடும் நின்றுகொள்ளும் வழி இருக்கிறது. பட்டம் என்ற பெயர் தேவைப்படுகிறவர்கள் பூட்கேம்புக்கு முன் அதைப் பார்க்கலாம். ஆக, பாடம் என்பதற்காக லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதில்லை.

மூன்று மாதம், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். இப்போதைய வேலையை விடாமலே. அதற்குள் ஒரு சிறிய நிரல், உங்கள் இன்றைய வேலைக்கே பயன்படுகிற மாதிரி எழுதிப் பாருங்கள். திருப்பூர் நண்பர் ஒவ்வொரு ஆர்டருக்கும் எந்தச் சைஸில் எத்தனை பீஸ், எவ்வளவு துணி, எவ்வளவு கழிவு என்று எக்ஸெலில் போட்டுக்கொண்டிருப்பார். அதை பைத்தானில் எழுதட்டும். முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். இரண்டாம் வாரம் ஒரு பிழைச் செய்தி வரும். ஏன் என்று புரியாது. இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்தாலும் தீராது. மறுநாள் பார்த்தால் ஒரு வரியின் முன்னால் இடைவெளி தவறியிருக்கும். அந்தத் தருணத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ‘சே, இதற்கா இவ்வளவு’ என்று மடிக்கணினியை மூடிவிட்டு மறுபடி திறக்க மனம் வராமல் போகிறதா, அல்லது எரிச்சலோடு கூடவே ஒரு பிடிவாதம் வருகிறதா? என் அன்றாட வேலையில் பெரும்பகுதி அதுதான்: யாரோ எழுதிவிட்டுப் போன நிரலைப் படித்து, எங்கே உடைந்தது என்று தேடுவது. புதிதாக எழுதுவது கொஞ்சம்தான். அந்தப் பிடிவாதம் சிறிதும் வராத ஒருவரை எந்தப் பூட்கேம்பும் மாற்றிவிடாது. அவருக்கு வேறு வேலையில் திறமை இருக்கிறது, அவ்வளவுதான். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. பூட்கேம்பில் மாணவர்கள் செய்யும் வழக்கமான ப்ராஜெக்ட்கள் (லாகின் பக்கம், பொருள்களைக் கூடையில் போடும் கடை, உணவு டெலிவரி செயலியின் நகல்) இவற்றை இன்று அந்தக் கருவிகள் சில நிமிடங்களில் எழுதித் தருகின்றன. ஒரே பேட்சிலிருந்து வந்த ஐந்து பேர் ஒரே டெலிவரி செயலியைக் காட்டுவதை நான் நேர்காணலில் பார்க்கிறேன். அந்தச் செயலியை நான் மதிப்பிடுவதே இல்லை. ‘ஆர்டர் ரத்தானால் பணம் எப்படித் திரும்பும்? இப்போது என் முன்னால் அதைச் சேர்த்துக் காட்டுங்கள்’ என்பேன். தானே எழுதியவர் தடுமாறினாலும் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார். ஃப்ரெஷர்களுக்கான கதவு முன்பைவிடக் குறுகியிருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் துறை மாறி வருகிறவர் ஃப்ரெஷர் இல்லை. இதை நம் பயிற்சி மையங்கள் சொல்வதில்லை, மாணவர்களும் மறந்துவிடுகிறார்கள். ரெஸ்யூமேயில் எட்டு வருடத் தொழிற்சாலை அனுபவத்தை ஒரு வரியில் சுருக்கிவிட்டு, இரண்டு பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று எழுதுகிறார்கள். இருபத்திரண்டு வயதுக்காரரோடு அதே வரிசையில் போய் நிற்கிறார்கள். அந்தப் போட்டியில் அவர்களுக்குச் சாதகம் எதுவும் இல்லை. தரக்கட்டுப்பாடு தெரிந்த மெக்கானிக்கல் இன்ஜினியர், தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் போய் நின்றால் கதை வேறு. கடன் கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்த வங்கி ஊழியர், வங்கி மென்பொருளைச் சோதிக்கும் குழுவுக்கு முதல் நாளிலிருந்தே பயன்படுவார். மென்பொருள் சோதனை, ஈஆர்பி அமைத்துக் கொடுப்பது, டேட்டா அனலிஸ்ட், வாடிக்கையாளர் இடத்தில் நிறுவிக் கொடுப்பது எல்லாமே கணினித் துறை வேலைகள்தான். டெவலப்பர் என்ற ஒற்றைப் பெயரில் பிடிவாதமாக நிற்பவர்களுக்கு இந்தக் கதவுகள் கண்ணில் படுவதில்லை. இப்போது வேலை பார்க்கும் கம்பெனியிலேயே சிஸ்டம் துறைக்கு மாற்றல் கேட்பதுதான் நான் அறிந்த வழிகளில் செலவு குறைந்தது. தொழிலும் தெரியும், ஆட்களும் தெரியும், சம்பளமும் நிற்காது.

அப்படியானால் பூட்கேம்ப் யாருக்குப் பொருந்தும்? தனியே படித்துப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று உறுதியான பிறகும், ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாமல் நிற்பவருக்கு. அவருக்குத் தேவை பாடம் இல்லை. எழுதியதைப் படித்துத் திருத்தும் ஓர் ஆள், தினமும் வந்தாக வேண்டிய நேரம், கூடப் படிக்கும் நாலு பேர். இவை மூன்றும் விலை கொடுத்து வாங்கத்தக்கவைதான். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், நான் எழுதிய நிரலை மனிதர் யாராவது வரிவரியாகப் பார்ப்பாரா என்று கேட்டால் மையத்தின் தரம் தெரிந்துவிடும். பதிவு செய்த வீடியோவும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான் என்றால் அதற்கு லட்சம் எதற்கு?

பெண்களிடம் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இலவச வீடியோ பார்த்துப் படிக்கும் மருமகளை நடுவில் நாலு முறை கூப்பிடுவார்கள். பணம் கட்டிய வகுப்பு, ஏழு மணிக்கு ஆஜர் ஆக வேண்டும் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தை வீடு மதிக்கிறது. இது நியாயமில்லை. ஆனால் உண்மை. அந்த நேரத்தை வாங்குவதற்காகவே ஒரு பெண் கட்டணம் கட்டுகிறார் என்றால் அது வீண் செலவில்லை என்றே சொல்வேன். பத்தாயிரம், பதினைந்தாயிரத்தில் நேரடி வகுப்பு நடத்தும் உள்ளூர் மையமே அதற்குப் போதும்.

கடைசியாக ராஜினாமா. பலர் வகுப்பில் சேரும் அன்றே வேலையை விட்டுவிடுகிறார்கள், முழு மனத்தோடு படிக்கலாம் என்று. பகுதிநேர பேட்ச் இருக்கும்போது அது தேவையில்லை. முழுநேரம்தான் வழி என்றால், படிப்புக்கு ஆறு மாதம், வேலை தேட இன்னொரு ஆறு மாதம் என்று ஓர் ஆண்டு வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். அதில் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது. அந்தப் பணம் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய அளவில்தான் கட்டணம் இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை கிடைக்காவிட்டால் நஷ்டம் முழுவதும் பெரும்பாலும் உங்களுக்குத்தான். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். எந்த மாதம் வரை பார்ப்பது, அதற்குள் கிடைக்காவிட்டால் பழைய துறையில் யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இப்போதைய முதலாளியிடம் சண்டை போடாமல், நோட்டீஸ் பீரியட் முழுதாக முடித்து, ரிலீவிங் ஆர்டரை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். புதிய கம்பெனியிலும் அதைக் கேட்பார்கள். பழைய துறைக்கே திரும்ப வேண்டி வந்தால் அங்கேயும் கேட்பார்கள்.